கணினிக் கோப்புகளுக்குக் காப்புப்பிரதி: வீட்டுக்கும் தொழிலுக்கும் ஏற்ற முறை எது?

காப்புப்பிரதி (பேக்கப்) எடுக்க முடிவுசெய்பவர்கள் பெரும்பாலும் நேராகக் கடைக்குப் போய் ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கை வாங்கிவிடுகிறார்கள். வாங்குவதற்கு முன்பு இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்வது நல்லது. கணினி இன்று பழுதானால் எத்தனை நாள் வேலையை மறுபடி செய்ய முடியும்? எவ்வளவு நேரத்துக்குள் வேலையைத் திரும்பத் தொடங்கியாக வேண்டும்? குடும்பப் புகைப்படங்கள் கைக்கு வர ஒரு வாரம் ஆனாலும் பாதகமில்லை. ஆனால் தொலைந்த ஒரு படத்தைக்கூட மறுபடி எடுக்க இயலாது. ஜவுளிக் கடையில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் உள்ள கணக்கு இதற்கு நேர்மாறானது. நேற்றைய பில்களைப் பார்த்து மறுபடி பதிந்துவிடலாம், ஆனால் நாளைக் காலை கடை திறக்கும்போது கணக்கு ஓடியாக வேண்டும்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றில் ஃபோல்டர் தானாக ஏறிவிடுகிறது, அதுவே போதும் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இந்த நம்பிக்கையைத்தான் முதலில் கைவிட வேண்டும் என்பேன். இவை செய்வது ஒத்திசைவு (சிங்க்); அதன் வேலை, கணினி, இணையச் சேமிப்பு ஆகிய இரண்டு இடங்களையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. ஆகவே கணினியில் தவறுதலாக அழித்த கோப்பு அங்கும் அழிகிறது. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி அதை 30 நாள் வைத்திருக்கும். மார்ச்சில் அழிந்த கோப்பைத் தணிக்கையாளர் ஜூனில் கேட்கும்போது அது எங்கும் இருக்காது. இரண்டு டிஸ்க்குகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு அமைப்புக்கும் இதே குறை உண்டு: டிஸ்க் கெட்டுப்போவதிலிருந்து அது காக்கும், தவறான அழிப்பிலிருந்து காக்காது. பழைய நிலைகளைத் தேதிவாரியாக வைத்திருந்து, வேண்டிய நாளுக்குத் திரும்ப இடம் தருவதே காப்புப்பிரதி.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 விதி இன்றும் நல்ல அளவுகோல்: மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் எதற்கு என்று 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கணினியும் அதன் பக்கத்திலேயே இருந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒரே தண்ணீரில்தான் நனையும். கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பான கிளவுடும் ஏதோ ஓர் ஊரில் உள்ள கட்டடம்தான். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, காப்புப்பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சில வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

இந்த விதியோடு நான் வலியுறுத்துவது, ஒரு பிரதியாவது கணினியோடு இணைக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பது. 2017 மே மாதம் பரவிய வானாக்ரை போன்ற ரான்சம்வேர்கள் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீய மென்பொருள்கள்), கணினியில் செருகியிருந்த வெளிப்புற டிஸ்க்குகளையும் சேர்த்தே பூட்டிவிடுகின்றன. இரண்டு டிஸ்க்குகளை வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஓய்விலிருப்பதை உறவினர் வீட்டிலோ வங்கி லாக்கரிலோ வைப்பது வீட்டுக்குப் போதுமான ஏற்பாடு. மேக்கில் உள்ள டைம் மெஷின், விண்டோஸில் உள்ள ஃபைல் ஹிஸ்டரி ஆகிய காப்புப்பிரதி வசதிகள் இதற்கு உதவும். ஃபைல் ஹிஸ்டரி இயல்பாகப் பயனர் கணக்கின் ஃபோல்டர்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும் என்பதால், டி டிரைவில் கோப்பு வைக்கும் பழக்கமுள்ளவர்கள் அந்த ஃபோல்டர்களைத் தாங்களே சேர்க்க வேண்டும்.

கிளவுடை மட்டுமே நம்புவதற்கு முன்பு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 ஜிபி தரவை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஏற்றவோ திரும்ப இறக்கவோ ஏறத்தாழ 55 மணி நேரம் ஆகும். அதே தரவு யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். எனவே தொழில் நடத்துபவர் அவசரத்துக்கு உள்ளூர் டிஸ்க்கையும் பேரிடருக்குக் கிளவுடையும் வைத்துக்கொள்வதே சரி.

கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் ஃபோல்டரை அப்படியே நகலெடுக்கக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் பிரதியாகிவிடலாம். மென்பொருளிலேயே உள்ள பேக்கப் வசதியைக் கொண்டு அன்றாடப் பிரதியை எடுத்து, மாத இறுதிப் பிரதியையும் மார்ச் 31-ஆம் தேதிப் பிரதியையும் தனியே பாதுகாத்துவையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவுசெய்தவர்களுக்கு 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதி இன்னும் கடுமையானது: மின்னணுக் கணக்கேடுகளின் காப்புப்பிரதியை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் வைக்க வேண்டும்.

திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தபோது, வழக்கமான காப்புப்பிரதிகள் வேலைசெய்யாமல் கிடந்தது அப்போதுதான் தெரியவந்தது. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஒரு நகலே கைகொடுத்தது. ஆகவே மூன்று மாதங்களுக்கு ஒருமுறை டேலி பிரதியை வேறொரு கணினியில், புதிய ஃபோல்டரில் மீட்டெடுத்துப் பாருங்கள். நடப்புக் கணக்கின் ஃபோல்டரிலேயே மீட்டெடுத்தால் பழையது புதியதன் மேல் எழுதப்பட்டுவிடும். கடைசி வவுச்சர் எண்ணும் ரொக்க இருப்பும் பிரதி எடுத்த நாளோடு பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்திருந்தால் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தால்), அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, அந்த டிஸ்க் இல்லாத வேறோர் இடத்தில், உரிமையாளரைத் தவிர இன்னொருவருக்கும் தெரியும்படி வையுங்கள்.