படம் சொன்னதை எழுத்தும் சொல்ல வேண்டுமா?

போன மாதம் நண்பர் ஒருவர், குழந்தைகளுக்குப் படப் புத்தகம் எழுதியிருக்கிறேன் என்று நாலு தாளை நீட்டினார். முதல் பக்கம் இப்படி ஆரம்பித்தது: “மீனு சிவப்புப் பாவாடை கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பூனை.”

“எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டீங்களே, ஓவியர் எதை வரையறது?” என்றேன். முறைத்தார்.

படப் புத்தகம் எழுத வருபவர்கள் செய்யும் முதல் தவறு இது. என்னைக் கேட்டால் மற்ற தவறுகளில் பாதி இதன் வயிற்றில்தான் பிறக்கின்றன. பாவாடை, திண்ணை, மழை, பூனை எல்லாம் ஓவியர் பாடு. அம்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன நேரம் தாண்டிவிட்டது என்பதைத்தான் வரைய முடியாது. அந்த ஒரு வரி இருந்தால் போதும்.

இதைக் கற்றுக்கொள்ள நான் காட்டுவது அமெரிக்கப் படப் புத்தக எழுத்தாளரும் ஓவியருமான மாரிஸ் சென்டாக்கை. 1928இல் நியூயார்க்கின் புரூக்ளினில், போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1963இல் வந்த ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ (காட்டு ஜந்துகள் இருக்கும் இடம்) புத்தகத்தில் எழுத்தும் படமும் அவருடையவை. மொத்தமே 338 சொற்கள். சேட்டை தாங்காமல் மேக்ஸ் என்ற பையனை அம்மா ராத்திரிச் சாப்பாடு கொடுக்காமல் படுக்க அனுப்புகிறாள். அவன் அறை காடாகிறது. படகேறிப் போய், கொம்பும் நகமும் வைத்த காட்டு ஜந்துகளுக்கு ராஜா ஆகிறான். வீட்டு நினைப்பு வந்து திரும்புகிறான்.

அந்தப் புத்தகத்தை எழுத்தை விட்டுவிட்டுப் படத்தின் அளவை மட்டும் பார்த்துப் புரட்டுங்கள். முதல் படம் சின்னது, சுற்றிலும் நிறைய வெள்ளை. ஓநாய் வேஷம் போட்டுக்கொண்டு சேட்டை செய்தான் என்பதோடு எழுத்து நின்றுவிடுகிறது. சுத்தியலால் ஆணி அடிப்பதும், முள்கரண்டியோடு நாயைத் துரத்துவதும் படத்தில் மட்டும். கட்டில் கால்கள் மரமாக மாற மாறப் படமும் வளர்ந்து ஓரத்தைத் தின்கிறது, பிறகு எதிர்ப்பக்கத்துக்கும் வழிகிறது. ஜந்துகளோடு ஆட்டம் போடும் கட்டத்தில் ஆறு பக்கத்துக்கு ஒரு எழுத்துகூடக் கிடையாது. ‘ஆடினார்கள், பாடினார்கள், குதித்தார்கள்’ என்று எழுத நமக்கெல்லாம் கை அரித்திருக்கும்.

இரண்டாவது, பக்கக் கணக்கை மறப்பது. அச்சகத்தில் தாளை மடித்து ஃபாரமாக, அதாவது எட்டு அல்லது பதினாறு பக்கக் கட்டாகத்தான் ஓட்டுவார்கள் என்பதால் படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கத்தில் நிற்கும். தலைப்பு, பதிப்பு விவரம் போகக் கதைக்குக் கிடைப்பது 12 முதல் 14 விரிப்புகள் (எதிரெதிர்ப் பக்கம் இரண்டு சேர்ந்தால் ஒரு விரிப்பு). எழுதும்போதே தாளை மடித்து ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், செய்துகொள்ளுங்கள். எந்த வரியில் பக்கம் திரும்புகிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

டம்மி என்றதும் மூன்றாவது தவறான அவசரம் ஞாபகம் வருகிறது. சென்டாக் இந்தக் கதைக்கு முதல் டம்மி செய்தது 1955இல், ஏழு அங்குல நீளம், முக்கால் அங்குல உயரத்தில் ஒரு துண்டுப் புத்தகம். அப்போது அது காட்டுக் குதிரைகளின் கதை. ஆனால் மனிதருக்குக் குதிரை வரைய வரவில்லை! அப்படியானால் உனக்கு என்னதான் வரையத் தெரியும் என்று அவருடைய எடிட்டர் உர்சுலா நார்ட்ஸ்ட்ராம் கடுப்பில் கேட்டாராம். குதிரை போய் ‘ஜந்து’ வந்தது அப்படித்தான். கதை அச்சேற எட்டு வருஷம். அதற்கு முன்பும் நடுவிலும் ரூத் கிராஸ் போன்ற பிறர் எழுத்துக்கு வரைந்து கை பழகிக்கொண்டிருந்தார். நம்மில் பலர் சனிக்கிழமை எழுதித் திங்கட்கிழமை பதிப்பாளருக்கு அனுப்பிவிடுகிறோம்.

அடுத்தது நீதி. கடைசிப் பக்கத்தில் ‘ஆகவே குழந்தைகளே’ வந்துவிட்டால் குழந்தை எழுந்து போய்விடும். பயத்தையும் கோபத்தையும் துடைத்துவிட்டு எழுதுவதும் இதன் தம்பிதான். மேக்ஸ் அம்மாவிடமே ‘உன்னைத் தின்னுடுவேன்’ என்கிறான். குழந்தையைச் சாப்பாடில்லாமல் படுக்கவைப்பதா என்று உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1969இல் ஒரு பத்திரிகையில் கண்டித்தார், புத்தகத்தைப் படிக்காமலே. அந்த ஜந்துகளுக்கு முகம் கொடுத்தவர்கள் சென்டாக் வீட்டுக்கு வந்துபோன மாமாக்களும் அத்தைகளும். கன்னத்தைக் கிள்ளி, ‘அப்படியே தின்னுடலாம் போல இருக்கே’ என்று கொஞ்சுபவர்கள். சின்னப் பையனுக்கு அது கொஞ்சலாகவா கேட்கும்?

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். படுக்கையில் குழந்தையை அணைத்துக்கொண்டு ‘பார்த்துக்கொண்டிருந்தபோதிலும்’ என்று படிக்கும் அப்பாவின் நாக்கை நினைத்துப் பாருங்கள்.

கடைசியில் மேக்ஸ் தன் அறைக்கு வருகிறான். மேசையில் சாப்பாடு வைத்திருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் வெள்ளைத் தாள். அந்தச் சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது என்று மட்டும் ஒரு வரி, படம் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் முன்புதான் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சூட்டை எப்படி வரைவது?

நண்பரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். பாவாடையையும் திண்ணையையும் மழையையும் அடித்துவிட்டார். பூனையை மட்டும் விடமாட்டாராம்.