1966 ஃபோர்டு மஸ்டாங் கார்: புதுத் தரைத்தகட்டில் மறுபடியும் தண்ணீர்

தரைத்தகடு மாற்றி எபாக்ஸி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்த வண்டி. முதல் மழைக்கே வலப்பக்கக் கார்பெட் நனைந்தது. முன்கண்ணாடி ரப்பரை மாற்றியும் பயனில்லை. ஹீட்டர் பெட்டியிலிருந்து சொட்டியதால் ஹீட்டர் கோரை (எஞ்சினின் சூடான கூலன்ட் திரவம் ஓடும் சிறு ரேடியேட்டர்) கழற்றிக் காற்றழுத்தம் ஏற்றிப் பார்த்தேன், ஒழுகவில்லை. சொட்டியது வெறும் தண்ணீர், கூலன்ட்டின் பிசுபிசுப்பே இல்லை. அதை விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

கோளாறு முன்கண்ணாடிக்கு முன்னால், வெளிக்காற்று உள்ளே நுழையும் கௌல் பெட்டியில். அதற்குள் இரண்டு காற்றுத் துளைகள். ஒவ்வொன்றையும் சுற்றித் தொப்பி போல உயர்ந்த கழுத்து. சருகு தேங்கி ஈரம் நின்றால் கழுத்தின் அடி துருப்பிடித்து ஓட்டையாகும். வலப்பக்கத் துளை நேரே ஹீட்டர் பெட்டிக்குள் திறப்பதால் ஹீட்டரே ஒழுகுவதுபோலத் தெரியும். ஹீட்டர் பெட்டியை இறக்கிவிட்டு, கௌலின் மேலுள்ள சல்லடை வழியே தண்ணீர் ஊற்றி, டாஷுக்கு அடியில் டார்ச் அடித்தால் உண்மை தெரிந்துவிடும்.

மேலிருந்து சீலன்ட் பூசியது நிற்கவில்லை. துருவின் மேல் எதுவும் ஒட்டாது. கடைசியில் ஃபெண்டர்கள், கண்ணாடி எல்லாம் கழற்றி, கௌலின் மேல்தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்பாட் வெல்டுகளை (புள்ளி புள்ளியான பற்றவைப்புகள்) 8 மி.மீ. கட்டரால் அந்த மேல்தகடு வரை மட்டும் வெட்டித் தகட்டைத் தூக்கினேன். புதுக் கழுத்துகளை வெல்டு செய்து, சுற்றிலும் சீம் சீலர் (இணைப்புகளை அடைக்கும் பசை) பூசி, இரு ஓர வடிகால்களையும் சுத்தம் செய்தேன். மேல்தகட்டை மூடுவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிடுங்கள்; மூடியபின் கை நுழையாது.