பவுன் பேச்சு தொடங்கும் முன்பே முடிவெடுத்துவிடுங்கள்

விசுவாசத்துக்காகச் சிங்கக் கெபிக்குள் போகவும் தயார் என்று சபையில் சாட்சி சொல்லும் நம்மில் பல பேர், பெண் பார்க்கப் போன வீட்டில் அம்மா பவுன் கணக்கு பேச ஆரம்பித்ததும் மிக்சர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்போம். என் அண்ணன் கல்யாணத்தில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதனால் இதைப் பிரசங்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில், உங்கள் கொள்கைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். எல்லாவற்றுக்கும் முறைத்துக்கொண்டு நிற்பவனுடைய பேச்சை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பைபிளில் தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சிறைபிடித்துக் கொண்டுபோன பாபிலோனில் தானியேலுக்கு பெல்தெஷாத்சார் என்று வேறு பெயர் வைத்தார்கள், அதற்கு அவர் சண்டை போட்டதாக ஒரு வரி கூட இல்லை. கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படிக்கச் சொன்னார்கள், எல்லோரையும்விட நன்றாகவே படித்தார். ராஜாவின் சாப்பாடு என்று வந்தபோதுதான் நின்றார், அதையும் முன்கூட்டியே "தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு". அப்புறம் கவனிக்க வேண்டியது, அவர் கத்தவில்லை. என் தலை போய்விடுமே என்று அதிகாரி பயந்ததைப் புரிந்துகொண்டு, பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள் என்று ஒரு வழியையும் அவரே சொன்னார். உங்கள் பட்டியலில் மூன்று விஷயம் இருந்தால் போதும். என்னுடையதில் வரதட்சணை, லஞ்சம், கல்லறைத் தோட்டத்தில்கூட சாதி பார்ப்பது, அவ்வளவுதான். தலைமுடி, சினிமா, பாட்டு எல்லாம் எனக்கு விருப்பு வெறுப்பு. அதற்காக யாரோடும் சண்டை இல்லை.

வரதட்சணையை எடுத்துக்கொள்வோம். "நாங்க ஒண்ணும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க போடுறத போடுங்க" என்று ஒரு வசனம் இருக்கிறதே, அது மறுப்பே இல்லை, ஏலத்தின் முதல் அழைப்பு. பெண்ணின் அப்பா அன்று ராத்திரியே ஊரில் யார் யார் எத்தனை பவுன் போட்டார்கள் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார். சொல்வதானால் இப்படிச் சொல்லுங்கள்: "நகை, ரொக்கம், வண்டி, பாத்திரம் எதுவும் வாங்க மாட்டோம், கல்யாணச் செலவில் பாதி எங்களுடையது." இரண்டாவது பாதியைச் சொன்னால்தான் முதல் பாதியை நம்புவார்கள். இதை பயோடேட்டா தரகர் கைக்குப் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும், கோயிலில் மூன்றாவது ஓலையும் (கல்யாண அறிவிப்பு) வாசித்த பிறகு சொல்வது வீரம் இல்லை, வம்பு.

ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது, கஷ்டமே அங்கேதான். பல வீடுகளில் மகனுக்கு வாங்குவது மகளுக்குக் கொடுப்பதற்காக. நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டால், அதற்கான விலையைக் கொடுக்கப்போவது உங்கள் தங்கச்சி. எனவே ஒரு ஞாயிறு சாயங்காலம் அப்பாவோடு உட்கார்ந்து பேனாவும் தாளுமாகக் கணக்குப் போடுங்கள். என் சம்பளத்தில் மாதம் இவ்வளவு இதற்கு என்று எழுதிக் கொடுங்கள். 1961-ஆம் வருட வரதட்சணைத் தடைச் சட்டத்தில் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் கேட்பதும் குற்றம்தான் என்று அவருக்கு நினைவுபடுத்தலாம், அதையே வைத்து மிரட்டாதீர்கள். பணத்துக்கு வழி என்ன என்பதுதான் அவருடைய கேள்வி.

மறுக்கும் விதத்துக்கு ஒரு உதாரணம். 1985-இல் கேரளாவில் யெகோவா சாட்சிகள் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரைத் தேசிய கீதம் பாடவில்லை என்று பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அவர்களுடைய உபதேசத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, அது வேறு. ஆனால் அந்தப் பிள்ளைகள் கீதம் ஒலிக்கும்போது தினமும் மரியாதையாக எழுந்து நின்றார்கள், விசுவாசத்தின் காரணமாகப் பாடவில்லை, அவ்வளவுதான். 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னபோது அந்த எழுந்து நின்றதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. செய்ய முடியாத ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் செய்துவிடுங்கள்.

சரி, சறுக்கினால்? நான் சறுக்கியிருக்கிறேன். ஒரு பத்திரப்பதிவுக்காக எழுத்தரிடம் மொத்தமாக ஒரு தொகை கொடுத்தேன், அதில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கவில்லை, வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. லஞ்சம் கொடுக்காதவன் என்று இரண்டு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் (நாலு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் கணக்காகவே சொன்னான். நான் வீட்டு ஜெபத்தில் மனைவி, பிள்ளைகள் முன்னால் சொன்னேன், தொகையோடு. அடுத்த முறை அதே எழுத்தரிடம் அரசுக் கட்டணம் தனி, உங்கள் கூலி தனி, இரண்டுக்கும் ரசீது வேண்டும் என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார். நாலு முறை அலைந்தேன், வேலை முடிந்தது.