ஷமரேல் இறக்கத்தில் சைக்கிள் பிரேக் பிடிப்பது எப்படி

மொரீஷியஸில் பிளேன் ஷாம்பாஞ்ஞிலிருந்து ஷமரேலுக்கு இறங்கும் சாலையில் விழுபவர்களில் பலர் வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் பிரேக்கை அழுத்துகிறார்கள். சக்கரம் சாய்ந்திருக்கும்போது டயரின் பிடிப்பு பெரும்பாலும் திரும்புவதற்கே செலவாகிவிடும். அப்போது முன் பிரேக்கை இறுக்கினால் சறுக்கல் நிச்சயம்.

ஆகவே, வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். பிறகு விட்டுவிடுங்கள். இறக்கம் முழுக்க லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டே வருவதுதான் மோசம்: ரிம் பிரேக் (சக்கரத்தின் விளிம்பைக் கட்டைகள் அழுத்தும் வகை) என்றால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம், எண்ணெய் டிஸ்க் பிரேக்கில் திரவம் கொதித்து லீவர் தளர்ந்துபோகும். லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு வந்தால் நின்று ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

இரவல் சைக்கிளா? எந்த லீவர் முன் சக்கரத்துக்கு என்று புறப்படும் முன்பே பாருங்கள். பிரான்சிலிருந்து வந்ததில் பெரும்பாலும் இடது கை.

மழையில் ரிம் பிரேக் முதலில் தண்ணீரை வழித்த பிறகே பிடிக்கும், முன்கூட்டியே தொடுங்கள். கரும்பு வெட்டும் மாதங்களில் லாரி சிந்திய சேறும் சோகையும் கிடக்கும் இடத்தில் பிரேக்கே வேண்டாம், நேராகக் கடந்துவிடுங்கள்.

விழுந்தவர் தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தாலோ, குழம்பிப் பேசினாலோ அசைக்காமல் ஆம்புலன்ஸுக்கு 114-ஐ அழையுங்கள். அடிவாங்கிய ஹெல்மெட்டை மறுபடி அணியக் கூடாது.