3ஜி டெஸ்ட் பிளேட்ல பாஸ் ஆகணுமா? ஸ்ட்ரக்சுரல் வெல்டர் வேலைக்கு போற பசங்களுக்கு

திருச்சில துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் பெல் (பிஹெச்இஎல்) கம்பெனிக்கு ஜாப் எடுத்து பண்ற ஃபேப்ரிகேஷன் ஷாப் ஏதாவதுல வெல்டர் வேலை கேட்டு போனீங்கன்னா, சர்டிஃபிகேட்ட அப்புறமா தான் பாப்பாங்க, மொதல்ல ரெண்டு பிளேட்ட குடுத்து 3ஜி போட்டு காட்டுப்பாம்பாங்க. பிளேட்ட செங்குத்தா நிக்க வெச்சு கீழருந்து மேல ஏத்தி போடுறது. ஐடிஐல படுக்க வெச்சு சூப்பரா போட்ட பசங்க கூட இங்க வந்து வழிய விட்டுடறாங்க. என்னைக் கேட்டா பாதி டெஸ்ட் ஆர்க் அடிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது, அத தான் யாரும் ஒழுங்கா சொல்லிக் குடுக்கறதில்ல.

பிளேட் பெரும்பாலும் ஐஎஸ் 2062 ரக ஸ்ட்ரக்சுரல் ஸ்டீல், 10 இல்ல 12 எம்எம் இருக்கும். ரெண்டு பக்கமும் 30 டிகிரி பெவல் (ஓரத்த சரிவா வெட்டினது), சேத்து வெச்சா 60. கட்டிங்ல வந்த கருப்பு, மில் ஸ்கேல், துரு எல்லாத்தையும் பெவல்லயும் முன்னாடி பின்னாடி ஒரு 25 எம்எம் அளவுக்கும் கிரைண்டர் போட்டு வெள்ளையா ஆக்கிடுங்க. ரூட் ஃபேஸ் (பெவலுக்கு அடியில விடற தட்டையான ஓரம்) ஒன்றரை எம்எம், ரெண்டு பிளேட்டுக்கும் நடுவுல கேப் (இடைவெளி) 3 எம்எம். இந்த இடைவெளிக்கு, ஃப்ளக்ஸ (ராடு மேல இருக்கற பூச்ச) தட்டி எடுத்த 3.15 எம்எம் ராடு கம்பிய நடுவுல வெச்சு டாக் (பிளேட்ட பிடிச்சு வெக்கற சின்ன வெல்டு) போட்டா போதும், அளவு கரெக்டா வந்துடும். டாக் போட்டதும் ரெண்டு முனையையும் கிரைண்டர்ல சரிவா இழைச்சு விடுங்க, இல்லன்னா ரூட் (அடியில போடற மொத வெல்டு) அங்க வந்து ஏறி உக்காந்துக்கும், உள்ள உருகவே உருகாது. வெல்டு ஆற ஆற பிளேட்ட தன் பக்கம் இழுக்கும், அதனால மொதல்லயே எதிர்ப்பக்கமா ரெண்டு மூணு டிகிரி சாச்சு டாக் போடுங்க, முடிஞ்சதும் நேரா வந்து நிக்கும்.

அடுத்து ராடு. 7018 லோ ஹைட்ரஜன் ராடு, ஈரம் பட்டா காலி. மதர் ஓவன்ல 300லருந்து 350 டிகிரி வரைக்கும் பேக் பண்ணி போர்ட்டபிள் ஓவன்ல சூடா வெச்சிருக்கணும், பாக்கெட்ட ஒடச்சு பெஞ்சு மேல போட்டு வெச்சத எடுத்து போட்டா பொரோசிட்டி (வெல்டுக்குள்ள பொடி ஓட்டை) வரும், அதோட ஹைட்ரஜன் உள்ள போயி ஆறினப்புறம் கிராக் விடும், அதுவும் சில நேரம் மறுநாள் தான் தெரியும். நிறைய சின்ன ஷாப்ல ஓவன் பேருக்கு தான் இருக்கு, பிளக் கூட மாட்டியிருக்காது. டெஸ்ட் அன்னிக்கு கூச்சப்படாம கேட்டு வாங்குங்க.

ரூட்டுக்கு 2.5 ராடு, ஹோல்டர் பாசிட்டிவ்ல, கரண்ட் 70 - 80 ஆம்பியர்ல ஆரம்பிங்க. மெஷினுக்கு மெஷின் மீட்டர் வித்தியாசமா காட்டும், அதனால ஸ்கிராப் பிளேட்ல செங்குத்தா போட்டு பாத்துட்டு தான் டெஸ்ட் பிளேட்ட தொடணும். ஆர்க்க பெவலுக்குள்ள தான் அடிக்கணும், வெளிய பிளேட் மேல அடிச்ச தழும்பு இருந்தாலே சில இன்ஸ்பெக்டர் ரிஜெக்ட் போட்டுடுவாரு. ராடு முனைக்கு முன்னாடி சின்னதா ஒரு கீஹோல் ஓட்டை தெரியும், அது ஒரே சைஸ்ல உங்க கூடவே மேல ஏறி வரணும். பெருசாச்சுன்னா கரண்ட் ஜாஸ்தி இல்ல நீங்க ஸ்லோ, மூடிக்கிச்சுன்னா பின்பக்கம் வரைக்கும் உருகல, பெனிட்ரேஷன் இல்லன்னு அர்த்தம், அங்கயே நிறுத்தி கிரைண்ட் பண்ணிட்டு போங்க, மேல போட்டு மூடி மறைக்கலாம்னு நெனச்சா பெண்டு டெஸ்ட்ல (வெட்டி வளைச்சு பாக்கற டெஸ்ட்) வாய தொறந்து காட்டிடும்.

ஆர்க் குட்டையா இருக்கணும், கிட்டத்தட்ட ராடு தேயுற மாதிரி. 7018ல ஆர்க்க நீட்டினா காத்து உள்ள பூந்து பொடிப்பொடி ஓட்டையா வரும். ராடு மாத்தும்போது பழைய கிரேட்டர (வெல்டு நின்ன எடத்துல இருக்கற குழிய) நல்லா சுத்தம் பண்ணி சரிவா இழைச்சுட்டு, அதுக்கு 10 எம்எம் மேல ஆர்க் அடிச்சு கீழ கிரேட்டருக்கு கொண்டு வந்து அப்புறம் ஏறுங்க, ஸ்டார்ட்டிங்ல விழற பிளோ ஹோல் அது மேலயே போகும்போது உருகிடும்.

ரூட் முடிஞ்சதும் ரெண்டு ஓரத்துலயும் ஸ்லாக் (ஃப்ளக்ஸ் உருகி ஒறஞ்ச கசடு) கோடு மாதிரி ஒளிஞ்சிருக்கும், சிப்பிங் ஹாமரால வராது, மெல்லிசு வீல் போட்டு தொறந்து எடுங்க. ஃபில்லிங்குக்கும் (நடுவுல ரொப்பறது) கேப்பிங்குக்கும் (மேல கடைசியா மூடறது) 3.15 ராடு, 95 - 115 ஆம்பியர். ஓரத்துல நிறுத்தி, நடுவுல சட்டுன்னு தாண்டி, மறுபடி ஓரத்துல நிறுத்தி. நடுவுல நின்னீங்கன்னா வயிறு தள்ளிடும், ஓரத்துல நிக்கலன்னா அண்டர்கட் (வெல்டு ஓரத்துல பள்ளம்). ஏடபிள்யூஎஸ் டி1.1ல (ஸ்ட்ரக்சுரல் வெல்டிங்குக்கான அமெரிக்க கோடு) கேப்பிங் உயரம் 3 எம்எம் தாண்டக்கூடாது, அண்டர்கட் 1 எம்எம் தாண்டக்கூடாது. அப்புறம் பீஸ் பீஸா வெட்டி யு மாதிரி வளைப்பாங்க, 3 எம்எம்க்கு மேல வெடிப்பு தொறந்தா ஃபெயில்.

வேலைல சேந்தப்புறம் முக்கால்வாசி ஃபில்லட் (ரெண்டு பிளேட் சேர்ற மூலைல போடற வெல்டு) தான், பேஸ் பிளேட், ஸ்டிஃபனர், கசெட்னு. டிராயிங்ல 6 எம்எம் போட்டிருந்தா 6 தான் போடணும். கெட்டியா இருக்கட்டும்னு 8 போட்டா பாக்க ரெண்டு எம்எம் தான், ஆனா உள்ள போற மெட்டல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு, அவ்வளவு ராடும் வேஸ்ட், அந்த சூட்டுல பீம் வாழைப்பழமா வளைஞ்சு ஃபிட்டர் உங்கள திட்டுவாரு, திட்டறதுல தப்பே இல்ல.

கண்ணாடி 10 இல்ல 11 ஷேடு. ஷீல்டு இல்லாம டாக் அடிச்சா ராத்திரி கண்ணு எரிஞ்சு தொறக்கவே முடியாது, உருளைக்கிழங்கு, தாய்ப்பால்னு ஷாப்ல ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வாங்க, அதெல்லாம் வேணாம் டாக்டர்ட்ட போங்க. கால்வனைஸ்டு மெட்டீரியல்னா கோட்டிங்க கிரைண்ட் பண்ணி எடுத்துட்டு காத்தோட்டமா நின்னு போடுங்க, அந்த வெள்ளைப் புகைய இழுத்தா சாயங்காலம் குளிர் காய்ச்சல் வரும்.

3ஜியும் 4ஜியும் (தலைக்கு மேல போடறது) சேத்து பாஸ் பண்ணா பிளேட்ல எல்லா பொசிஷனுக்கும் செல்லும், பைப் வேணும்னா 6ஜி (பைப்ப சாச்சு வெச்சு சுத்தி போடறது) தனி. ஆனா சர்டிஃபிகேட்ட சட்டம் போட்டு மாட்டி வெச்சா பத்தாது, 6 மாசம் அந்த ப்ராசஸ்ல வேலையே செய்யலன்னா அது செல்லாது. அதனால ஒவ்வொரு ஜாப் முடிஞ்சதும் தேதி, ப்ராசஸ் போட்டு சூப்பர்வைசர்ட்ட ஒரு கையெழுத்து வாங்கி வெச்சுக்கங்க, கம்பெனி மாறினா எப்படியும் மறுபடி ரெண்டு பிளேட்ட நீட்டுவாங்க, ஆனா உங்கள டெஸ்டுக்கு கூப்பிடறதுக்கே அந்த நோட்டு உதவும்.