தமிழ் பட்டனுக்குள் அடங்கவில்லையா? ஷாட்சிஎன் கருவியும் ஒரு பூக்கடைப் பக்கமும்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டது மிகச் சிறிய பக்கம்தான்: மேலே இன்றைய மல்லிகை விலை, கீழே ஆர்டர் கொடுக்க ஒரு பட்டன். முகூர்த்த நாளென்றால் காலையில் சொன்ன விலை மதியம் நிற்காது. அதனால் மாற்றுவதும் எளிதாக இருக்க வேண்டும். அதை ஷாட்சிஎன் கொண்டு செய்தேன். அதே வழியை இங்கே எழுதுகிறேன்.

2023-இல் வந்த கருவி இது. பட்டன், கார்டு, படிவம் போன்ற இடைமுக உறுப்புகளை, ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் நாம் கட்டும் திட்டத்துக்குள் கொண்டுவந்து வைக்கும். வழக்கமான நூலகங்களில் உறுப்பின் மூலநிரல் எங்கோ ஒரு தொகுப்புக்குள் கிடக்கும். நாம் அதைத் தொட முடியாது. இதிலோ நிரலே நகலெடுக்கப்பட்டு நம் கோப்பாகிவிடுகிறது. புதுமண்டபத்தில் தையல் மெஷின்கள் ஓடிய காலத்தில் சட்டை தைக்கக் கொடுத்தவர்களுக்கு இது சட்டென விளங்கும். உள்ளே துணி விட்டுத் தைத்த சட்டையைப் பிரித்துப் பெரிதாக்கலாம். கையிலிருக்கும் நிரலும் அப்படித்தான்.

கணினியில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோடு.ஜேஎஸ் இருக்க வேண்டும். கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். கருவியின் பெயர் எஸ், எச், ஏ, டி, சி, என் என்ற ஆறு எழுத்துகள். @ குறியின் இரு பக்கமும் இடைவெளி கூடாது.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலைத் திறந்து, முதலில் திட்டத்தை உருவாக்குங்கள். ரியாக்ட்டின் மேல் கட்டப்பட்ட நெக்ஸ்ட்.ஜேஎஸ் திட்டம் இது:

என்பிஎக்ஸ் கிரியேட்-நெக்ஸ்ட்-ஆப்@லேட்டஸ்ட் பூக்கடை

டைப்ஸ்கிரிப்ட் (நிரல் எழுதும் மொழி), டெயில்விண்ட் (தோற்றத்தைச் சிறு சிறு சொற்களால் அமைக்கும் கருவி) இரண்டுக்கும் ஆம் என்று சொல்லுங்கள். திட்டப் பெயரில் பெரிய எழுத்து வந்தால் கட்டளை அங்கேயே நின்றுவிடும். முடிந்ததும் 'சிடி பூக்கடை' என்று கொடுத்து அந்தக் கோப்புறைக்குள் போய்விடுங்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். வெளியே நின்றுகொண்டே அடுத்த கட்டளையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

என்பிஎக்ஸ் ஷாட்சிஎன்@லேட்டஸ்ட் இனிட்

தோற்றம் பற்றிச் சில கேள்விகள் வரும். முன்னிருப்பாக உள்ளதையே தேர்ந்தெடுத்துக் கொண்டு போங்கள். இப்போது கம்போனென்ட்ஸ்.ஜேசன் என்ற கோப்பு முளைத்திருக்கும். எந்த உறுப்பை எந்தக் கோப்புறையில் வைப்பது என்பதைக் கருவி அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. அடுத்து:

என்பிஎக்ஸ் ஷாட்சிஎன்@லேட்டஸ்ட் ஆட் பட்டன் கார்டு

கம்போனென்ட்ஸ் கோப்புறைக்குள் யூஐ, அதற்குள் பட்டன்.டிஎஸ்எக்ஸ், கார்டு.டிஎஸ்எக்ஸ். முகப்புப் பக்கக் கோப்பில் (ஆப் கோப்புறையிலுள்ள பேஜ்.டிஎஸ்எக்ஸ்) இரண்டையும் இம்போர்ட் செய்து, கார்டின் தலைப்பில் விலையையும் அடியில் பட்டனையும் வையுங்கள். 'என்பிஎம் ரன் டெவ்' கொடுத்து, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:3000 முகவரியைப் பாருங்கள்.

ஆங்கிலம் எழுதுபவருக்கு வேலை இத்துடன் முடிந்தது. நமக்கு இனிதான்.

'வாட்ஸ்அப்பில் மொத்த ஆர்டர் கொடுக்க இங்கே அழுத்தவும்' என்று பட்டனில் எழுதினேன். மடிக்கணினியில் அழகாக இருந்தது. கைப்பேசியில் 'அழுத்தவும்' திரைக்கு வெளியே போய்விட்டது. பட்டன்.டிஎஸ்எக்ஸைத் திறந்தால் காரணம் முதல் சில வரிகளிலேயே கிடைக்கும்: எழுத்து அடுத்த வரிக்கு மடங்கக்கூடாது என்று சொல்லும் ஒயிட்ஸ்பேஸ்-நோராப். அதை ஒயிட்ஸ்பேஸ்-நார்மல் ஆக்குங்கள். அது மட்டும் போதாது. எச்-9 என்பது போல உயரமும் நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால் இரண்டாம் வரி பட்டனுக்குக் கீழே பிதுங்கும். எச் முன்னால் 'மின்-' சேர்த்துவிட்டால் அது குறைந்தபட்ச உயரமாகி, வரிக்கேற்ப பட்டன் வளரும்.

கார்டின் தலைப்பிலும் இதே கதைதான். அங்கே லீடிங்-நன் இருந்தால் வரிகளுக்கிடையே இடைவெளியே இராது. மேல்வரியின் 'கு', 'மு' கீழ்வளைவுகள் கீழ்வரியின் 'லி', 'றி' மேல்வளைவுகளில் இடிக்கும். லீடிங்-ஸ்னக் என்று மாற்றினேன், மூச்சு விட்டது. இந்த மூன்று திருத்தங்களையும் செய்ய முடிந்த ஒரே காரணத்துக்காகவே தமிழ்த் தளங்களுக்கு இந்தக் கருவியைச் சொல்வேன்.

ஓர் எச்சரிக்கை, பட்டுத் தெரிந்துகொண்டது. சில வாரங்கள் கழித்துப் பட்டனை மறுபடி ஆட் செய்தேன். கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மேலெழுதவா என்று கருவி ஒழுங்காகத்தான் கேட்டது. நான் படிக்காமல் ஒய் அழுத்தினேன். 'அழுத்தவும்' மறுபடி வெளியே போனது. இப்போதெல்லாம் ஆட் கொடுப்பதற்கு முன், கோப்புகளின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கிட் கருவியில் ஒரு கமிட் (அப்போதைய நிலையின் பதிவு) போட்டுவிடுகிறேன்.

பக்கத்தைப் பார்த்த அண்ணன், "பிச்சி, சம்பங்கியையும் சேர்த்துவிடுங்கள் தம்பி" என்றார். பட்டியல் நீண்டால் கார்டு சரிப்படாது. ஆட் பட்டன் கார்டு என்ற இடத்தில் ஆட் டேபிள் என்று கொடுங்கள். வந்த கோப்பில் நோராப் எங்கே ஒளிந்திருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.