அம்மாவையும் ஓட்ட வையுங்கள்: பெங்களூரில் குடும்பத்தோடு எலெக்ட்ரிக் கோ-கார்ட் போக ஒரு வழிகாட்டி

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால் லால்பாக், கப்பன் பார்க், ஏதாவது ஒரு மால், அப்புறம் ஒரு ஹோட்டல் என்று நாலு பெயருக்குள் முடிந்துவிடும். அந்தப் பட்டியலில் உள்ளரங்க எலெக்ட்ரிக் கோ-கார்ட்டையும், அதாவது கூரைக்குள் இருக்கும் ட்ராக்கில் ஓட்டுகிற, தரையோடு ஒட்டிய சின்னப் பந்தய வண்டியையும், சேர்த்துக்கொள்ளுங்கள். பசங்களுக்காக மட்டும் சொல்லவில்லை. "நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கிறேன்" என்று ஒதுங்கி நிற்கும் ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார், பெரும்பாலும் அம்மா, இல்லையென்றால் சித்தியோ அத்தையோ. வாழ்க்கையில் ஒரு முறைகூட ஸ்டியரிங் பிடிக்காத அவரை ஓட்ட வைக்க இந்த ஊரில் இதைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குத் தெரிந்து இல்லை, அதனால் அவரையும் கணக்கில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஏன் எலெக்ட்ரிக்? கிளட்ச் இல்லை, கியர் இல்லை. வலது காலுக்கு ஆக்சிலரேட்டர், இடது காலுக்கு பிரேக், அவ்வளவுதான். இது பெட்ரோல் கார்ட்டுக்கும் பொருந்தும் என்றாலும், மூடிய கூரைக்குக் கீழே பெட்ரோல் வண்டிகள் ஓடினால் புகை கண்ணை எரிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களால் ஓரமாக உட்கார்ந்துகூட இருக்க முடியாது. எலெக்ட்ரிக்கில் புகை கிடையாது, சத்தமும் குறைவு, டயர் கீச்சிடுவதும் மோட்டார் ரீங்காரமும்தான் காதில் விழும். இன்னொன்று, பல எலெக்ட்ரிக் ட்ராக்குகளில் மார்ஷல், அதாவது ட்ராக்கைக் கண்காணிக்கும் ஊழியர், கையில் ரிமோட் வைத்திருப்பார். யாராவது தடுப்பில் மோதி நின்றுவிட்டால் ஓடும் எல்லா வண்டிகளின் வேகத்தையும் அவரால் ஒரே சமயத்தில் குறைக்க முடியும். முதல் முறை ஓட்டுகிறவர் இருந்தால் அவருடைய வண்டியை மட்டும் மெதுவான வேகத்தில் விடச் சொல்லியும் கேட்கலாம். கேட்டால்தான் செய்வார்கள், அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். அப்புறம் நம்ம ஊர் மழை. மே மாதத்துச் சாயங்கால மழையும் செப்டம்பர், அக்டோபர் மழையும் திறந்தவெளி ட்ராக்கை நம்பிப் போனவர்களைத் திருப்பி அனுப்பிவிடும், கூரைக்குள் அந்தக் கவலை இல்லை.

கிளம்புவதற்கு முன்னால் போன் செய்து பேசிவிடுங்கள். இணையத்தில் டிக்கெட் போடும்போது சில விஷயங்கள் தெரியாது. பிள்ளைகளுக்குக் குறைந்தபட்ச உயரம் எவ்வளவு, சின்னவர்களுக்கென்று ஜூனியர் கார்ட் இருக்கிறதா, அவர்களைத் தனியாக ஓட விடுவார்களா அல்லது பெரியவர்களோடு சேர்த்தா, இரண்டு பேர் உட்காரும் கார்ட் உண்டா, உடல் எடைக்கு மேல்வரம்பு இருக்கிறதா, இதெல்லாம் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு. பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே சுவரில் நிறுத்தி அளந்துவிட்டுப் பேசினால் அங்கே போய் அழுகை, சமாதானம் எல்லாம் மிச்சம். இரண்டு விரற்கடை குறைகிறது என்று மார்ஷலிடம் கெஞ்சாதீர்கள். உயர வரம்பு என்பது பிரேக்கை முழுசாக மிதிக்கக் கால் எட்டுமா என்ற கேள்விதான், அதில் தாட்சண்யத்துக்கு இடமில்லை.

கர்ப்பமாக இருப்பவர்கள், இதய நோய், கழுத்து, முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஓட்டவே கூடாது. கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது, தரையின் சின்ன மேடும் நேராக முதுகெலும்புக்கு வரும், தடுப்பில் இடித்தால் கழுத்து குலுங்கும். தாத்தா பாட்டிக்கு உட்கார்ந்து பார்க்க நாற்காலியும் பக்கத்தில் கழிப்பறையும் இருக்கிறதா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

போகிற நேரம் முக்கியம். முடிந்தால் வார நாள், முடியாவிட்டால் சனி, ஞாயிறு காலையில் திறந்தவுடன். அல்சூரிலிருந்தோ ஸ்ரீராமபுரத்திலிருந்தோ சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பி சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி சர்ஜாபூர் பக்கம் போய்ச் சேர்வதற்குள் பாதி உற்சாகம் வழியிலேயே தீர்ந்துவிடும். போகிற இடம் ஒயிட்ஃபீல்டு பக்கம் என்றால் காரை விட்டுவிட்டு பர்ப்பிள் லைன் மெட்ரோவில் போங்கள். 2023 அக்டோபரிலிருந்து செல்லகட்டாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை ஒரே வண்டி. காலையில் போவதில் இன்னொரு லாபம் உண்டு. கூட்டம் இல்லாவிட்டால் ட்ராக்கில் உங்கள் வீட்டு ஆட்கள் மட்டுமே ஓட வாய்ப்பு கிடைக்கும். அம்மா முதல் முறை ஓட்டும்போது பின்னால் வேகமாக வரும் கல்லூரிப் பையன்கள் இல்லாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு தைரியம் தரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது உடை. இந்த இடத்தில் நான் கறாராகத்தான் சொல்வேன். 2018-ல் ஹரியானாவின் பிஞ்சோரிலும் 2020-ல் ஹைதராபாத்திலும் கோ-கார்ட்டில் போன பெண்களின் கூந்தல் சக்கரத்தில் சிக்கி உயிரே போயிருக்கிறது. சீட்டுக்குப் பின்னால், முதுகுக்கு மிக அருகில், பின்சக்கரங்களை இணைக்கும் அச்சு வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். பெட்ரோலோ எலெக்ட்ரிக்கோ, அந்த ஆபத்து ஒன்றுதான். அதனால் நீளமான முடி உள்ளவர்கள், ஆணோ பெண்ணோ, பின்னலாகவோ போனிடெயிலாகவோ தொங்க விடாமல் கழுத்துக்கு மேலே இறுக்கிக் கொண்டை போட்டு, ஹெல்மெட்டுக்குள் போடும் தலையுறைக்குள் முழுசாகச் செருகிக்கொள்ள வேண்டும். ஹெல்மெட்டுக்குள் கொண்டை இடித்தால் தாழ்வாகப் பின்னி, பின்னலை டீ-ஷர்ட்டுக்குள் விட்டு, மேலே ஒரு ஜாக்கெட்டை மாட்டி ஜிப் போட்டுவிடுங்கள். மார்ஷல் சரிபார்ப்பார் என்று விட்டுவிடாதீர்கள், உங்கள் வீட்டு ஆளை நீங்களே பின்னால் நின்று ஒரு முறை பாருங்கள்.

துப்பட்டா, ஸ்கார்ஃப், புடவை எதுவும் வேண்டாம். புடவை மட்டுமே கட்டுகிற அம்மாவாக இருந்தால் முந்தின நாளே பேசி ஒரு பேன்ட், உடம்போடு நிற்கும் குர்தி எடுத்துவைக்கச் சொல்லுங்கள், வீட்டிலிருந்தே அதைப் போட்டுக்கொண்டு வரச் சங்கடமாக இருந்தால் அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம். ஹிஜாப் அணிபவர்கள் நுனிகளை உள்ளே மடித்துவிட்டு அதன்மேல் தலையுறையைப் போட்டால் சரியாக இருக்கும். தாலிச் செயினை உடைக்குள் போட்டுவிடுங்கள், ஜிமிக்கியைக் கழற்றிவிடுங்கள், ஹெல்மெட்டைக் கழற்றும்போது அது காதை இழுக்கும். காலுக்குக் கயிறோ பட்டையோ வைத்து இறுக்கிய, முன்பக்கம் மூடிய ஷூ வேண்டும். செருப்போடு போனால் பல இடங்களில் விடவே மாட்டார்கள். கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றிவிட்டு ஹெல்மெட்டை மாட்டி, பிறகு முன்பக்கத் திறப்பு வழியாகக் கண்ணாடியைச் செருகிக்கொள்ள வேண்டும். போன், சாவி, பர்ஸ் எல்லாம் லாக்கருக்கு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், பிரியாணி எல்லாம் அப்புறம்.

அங்கே போனதும் ஒரு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் போட வேண்டும், அண்ணன் மகனையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கூட்டிப் போவதானால் இதை முன்னாலேயே அவர்கள் வீட்டில் பேசிவிடுங்கள். அதன்பிறகு மார்ஷல் விதிகளைச் சொல்வார், பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கன்னடத்திலோ, கடகடவென்று. அம்மாவுக்குப் புரியவில்லை என்றால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். நீங்கள் தனியாகத் தமிழில் ஒரு முறை சொல்லிக்கொடுங்கள், வண்டியில் உட்கார்ந்த பிறகு இல்லை, வரிசையில் நிற்கும்போதே.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஏதோ நடந்திருக்கிறது, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமாக ஒருவர் வருகிறார், வழி விடு. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மார்ஷல் சொல்கிறபடி நில். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி விழுந்தால் முடிந்தது, மெதுவாக பிட்டுக்கு, அதாவது வண்டியில் ஏறி இறங்குகிற இடத்துக்கு, வா. சில ட்ராக்குகளில் கொடிக்குப் பதிலாக விளக்கு எரியும், நிறங்கள் பெரும்பாலும் இதேதான். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, வண்டி சுழன்று எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுவிட்டாலும், தடுப்பில் சிக்கிக்கொண்டாலும், எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது. கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தால் மார்ஷல் வந்து திருப்பிவிடுவார். பிள்ளைகளுக்கு இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

வண்டியில் உட்கார்ந்ததும் பிரேக்கை முழுசாக மிதித்துப் பாருங்கள். அப்போதும் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும், கால் நீட்டினால்தான் எட்டுகிறது என்றால் சீட்டையோ பெடலையோ நகர்த்தச் சொல்லுங்கள். பெல்ட் இருக்கிற வண்டியானால் இறுக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள். கைகள் ஸ்டியரிங்கில் கடிகாரத்தின் ஒன்பதும் மூன்றும் இருக்கிற இடத்தில். இரண்டு பெடலையும் ஒன்றாக மிதிக்காதீர்கள், பல எலெக்ட்ரிக் கார்ட்களில் அப்படிச் செய்தால் மோட்டாருக்கு மின்சாரம் நின்றுவிடும், வண்டி கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டியிருக்கும்.

எலெக்ட்ரிக் மோட்டாரில் மிதித்த கணமே முழு இழுவையும் கிடைத்துவிடும், எஞ்சின் சுழற்சி கூடிக் கூடி வேகம் எடுக்கும் கதை இல்லை. ஆக்டிவா ஓட்டிப் பழகியவர்களுக்குக்கூட முதலில் தூக்கிவாரிப் போடும். ஆகவே முட்டையை மிதிப்பதுபோல மெதுவாகத் தொடங்குங்கள். முதல் சுற்று முழுவதையும் ட்ராக்கைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், எங்கே வளைவு, எது நீளமான நேர்பகுதி, எங்கே தரை வழுக்குகிறது என்று. டயர் சூடாகாத வரை பிடிப்பு குறைவு, உள்ளரங்கத்தின் வழவழப்பான தரையில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

வேகமாகப் போக ஆசைப்படுகிறவர்கள் ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: பிரேக்கை நேர்பகுதியிலேயே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே முடித்துவிடுவது. வளைவுக்குள் நுழைந்த பிறகு பயந்துபோய் பிரேக் பிடித்தால் பின்பக்கம் வழுக்கிச் சுழலும், காரணம் இந்த வண்டிகளில் பெரும்பாலும் பிரேக் பின்சக்கரத்தில்தான். கார்ட்டின் பின் அச்சில், காரில் இருப்பதுபோல இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் கிடையாது, இரண்டு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், ஆகவே அது இயல்பாகவே திரும்ப மறுக்கும். வேகமாக வந்து ஸ்டியரிங்கை அதிகமாக ஒடித்தால் முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு நேராகத் தடுப்பைப் பார்த்துப் போகும். வளைவுக்கு வெளிப்பக்கத்திலிருந்து வந்து, நடுவில் உள்ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளிப்பக்கம் விரிந்து போனால் வளைவின் கூர்மை குறையும். கண் எப்போதும் அடுத்த வளைவில் இருக்கட்டும். முன்னால் போகிற வண்டியின் பம்பரையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர் போய் மோதுகிற இடத்தில் நீங்களும் மோதுவீர்கள்.

வேண்டுமென்றே இடிக்காதீர்கள். இது எக்ஸிபிஷனில் இருக்கும் டாஷிங் கார் இல்லை. அப்பாவும் மகனும் போட்டி போடுவது நல்ல விஷயம்தான், ஆனால் நடுவில் அம்மாவோ அத்தையோ மெதுவாகப் போய்க்கொண்டிருந்தால் அவரைத் தள்ளிக்கொண்டு முந்துவது அவரை அடுத்த முறை வராமல் செய்துவிடும். நேர்பகுதி வரும்வரை காத்திருந்து முந்துங்கள். அதைவிட நல்லது, முதல் ஓட்டத்தை அம்மா, சித்தி, புதியவர்கள் எல்லோரும் ஒரு குழுவாகவும், வேகக்காரர்கள் அடுத்த குழுவாகவும் பிரித்துக்கொள்வது. ஒரு ஓட்டம் பல இடங்களில் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், காத்திருப்பது பெரிய பாடு இல்லை. ஒரு குழு ஓட்டும்போது மற்றவர்கள் பையையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் திரையிலோ காகிதத்திலோ ஒவ்வொருவருடைய சுற்று நேரமும் வரும். எடை குறைந்தவர்களுக்கு வண்டி சீக்கிரம் வேகமெடுக்கும், அதனால் ஒல்லியான பெண் அப்பாவை முந்தியிருந்தால் ஆச்சரியமில்லை. முதல் முறை ஓட்டியவருடைய தாளில் முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், எத்தனை விநாடி குறைத்திருக்கிறார் என்று அவரே பார்க்கட்டும். இரண்டாவது ஓட்டம் போவதானால் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், தண்ணீர் குடியுங்கள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் முன்கையும் தோளும் அன்றைக்கு ராத்திரி வலிக்கும்.

பிள்ளைக்கு இது நிஜமாகவே பிடித்துப்போய் "இன்னொரு முறை, இன்னொரு முறை" என்று வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தால், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர், 2010-ல் அடுத்து வந்த கருண் சந்தோக் சென்னைக்காரர். இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை நடத்த அங்கீகாரம் தரும் எஃப்எம்எஸ்சிஐ அமைப்பின் தலைமை அலுவலகமும் சென்னையில்தான். பெங்களூரிலேயே தேசிய கார்ட்டிங் போட்டிகள் நடந்த மெகோ கார்டோபியா போன்ற திறந்தவெளி ட்ராக் உண்டு. உடனே சொந்தமாக கார்ட் வாங்குகிற யோசனைக்குப் போகாமல், முதலில் அப்படி ஒரு ட்ராக்கில் பயிற்சி வகுப்பு இருக்கிறதா என்று கேட்டு, பெட்ரோல் கார்ட்டில் வெயிலில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கட்டும். அதற்கு அப்புறமும் ஆசை குறையவில்லை என்றால் டயர், பயணம், போட்டிக் கட்டணம் என்று வருஷத்துக்கு என்ன செலவாகும் என்பதை அங்கே வரும் மற்ற பெற்றோர்களிடமே விசாரியுங்கள்.